மடுவும் மீனும்

நுழையும் முன்

காவிரி என்றவுடன் நெல்வயலும் அணையும் நீர்ப்பங்கீடும் நினைவுக்கு வரும். காவிரியிலும் அதன் துணையாறுகளிலும் மட்டுமே பிறந்து வளர்ந்து, உலகில் வேறெங்கும் இயற்கையாக வாழாத ஒரு பெருமீன் உண்டு என்பதைப் பலர் அறியார். அம்மீன் இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. அதன் அழிவுக்குப் பேராசை மட்டும் காரணமன்று. நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட ஒரு செயலும் காரணமாயிற்று. அது நேர்ந்த வகையையும், ஒரு மீனைக் காப்பது என்றால் எதனைக் காப்பது என்பதையும் இப்பாடம் விளக்குகிறது.

ஆற்றின் உறுப்புகள்

பாலத்தின் மேல் செல்லும் தொடர்வண்டியிலிருந்து பார்ப்பவருக்கு ஆறு என்பது நீண்ட நீர்ப்பட்டை. கோடையில் பார்த்தால் மணற்பட்டை. ஆற்றோடு வாழ்ந்தவர்கள் அதனை அவ்வாறு ஒரே பொருளாகக் காணவில்லை. உடலுக்குத் தலை, தோள், வயிறு என்று உறுப்புகள் இருப்பதுபோல ஆற்றுக்கும் உறுப்புகள் உண்டு என்று கண்டு, ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தனர். மக்கள் இறங்கி நீராடவும் பரிசலில் ஏறவும் ஏற்ற இடம் துறை. ஆறு இரண்டாகப் பிரிந்து மீண்டும் கூடும்போது நடுவில் நிற்கும் நிலம் அரங்கம். திருவரங்கம் என்னும் ஊர்ப்பெயரில் அச்சொல் இன்றும் வாழ்கிறது. நீர் வட்டமிட்டு உள்ளிழுக்கும் இடம் சுழி. கோடையில் ஆறு மெலிந்த பின்னும் வற்றாமல் ஆழ்ந்து நிற்கும் பள்ளம் மடு. பழைய இலக்கியங்கள் ஆழ்ந்த நீர்நிலையைக் கயம் என்றும் வழங்கும்.

மடு என்னும் சொல் இன்று நகரத்துப் பேச்சில் குறைந்துவிட்டது. எனினும் கதைகளில் அது மறையவில்லை. கண்ணன் காளிங்கன் என்னும் பாம்பின்மீது ஆடியது யமுனையின் மடுவில் என்று தமிழ்நாட்டுப் பாட்டிமார் சொல்வர். தில்லியிலும் மதுராவிலும் ஆக்ராவிலும் படிக்கும் தமிழ் மாணவர்கள் அந்த யமுனையை நாள்தோறும் கடந்து செல்கின்றனர்.

மடு ஏன் தேவை? கோடையில் ஆற்றின் பிற பகுதிகள் ஒருசாண் நீராகச் சுருங்கி வெயிலில் சூடேறும்போது, மடுவின் அடிப்பகுதி குளிர்ச்சியாக இருக்கும். பெரிய மீன்கள் அங்கே ஒதுங்கி மழைக்குக் காத்திருக்கும். மடுவுக்கு மேலும் கீழும் பாறைகளுக்கிடையே நீர் நுரைத்துப் பாயும் விரைநீர்ப் பகுதிகள் இருக்கும். அங்கே நீரில் உயிர்வளி மிகுதி. அதற்கும் மேலே, மலையடியில், கூழாங்கற்கள் பரவிய ஓடைகள் இருக்கும். மடு, விரைநீர், கூழாங்கல் ஓடை ஆகிய மூன்றும் தொடர்ந்து கிடைத்தால்தான் இப்பாடத்தில் பேசப்படும் மீன் வாழும். ஒன்று இல்லாமற் போனாலும் மற்ற இரண்டும் அதற்குப் பயன்படா.

திமில் கொண்ட மீன்

இந்திய ஆறுகளில் வாழும் பெருங்கெண்டைகளை மகசீர் என்பர். இமயமலையடிவார ஆறுகளில் பொன்னிற மகசீரும், நருமதை முதலிய நடு இந்திய ஆறுகளில் வேறொரு மகசீரும், தக்காணத்தின் கிருட்டிணை ஆற்றுப்படுகையில் நீலத்துடுப்பு மகசீரும் வாழ்கின்றன. காவிரிக்கு உரியது இவற்றுள் மிகப் பெரியதாக வளரும் இனங்களுள் ஒன்று. தலைக்குப் பின்னே முதுகு காளையின் திமில்போல உயர்ந்து நிற்பதால் அதனைத் திமில் மகசீர் என்று இங்குக் குறிப்பிடலாம். துடுப்புகள் செம்மஞ்சள் நிறமுடையவை.

இம்மீன் 50 கிலோவுக்கு மேலும் வளர்ந்ததுண்டு. காவிரியின் துணையாறான கபினியில் 1946-ஆம் ஆண்டு தூண்டிலில் சிக்கிய ஒரு மீன் 120 பவுண்டு, அதாவது ஏறத்தாழ 54 கிலோ எடை இருந்தது. எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவரைவிட அது கனமானது! சந்தையில் நாம் பார்க்கும் ரோகு, கட்லா ஆகியவையும் கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்தவையே. ஆனால் குளத்தில் வளரும் அவற்றுக்கும் பாய்நீரை எதிர்த்து நிற்கும் மகசீருக்கும் உடல்வலிமையில் ஒப்புமை இல்லை.

மகசீரின் தாடையில் பற்கள் இல்லை, தொண்டைக்குள் உண்டு. நத்தையையும் நண்டையும் விழுங்கித் தொண்டையில் வைத்து நொறுக்கும். சிறு மீன்களையும் பூச்சிகளையும் தின்னும். கரையோர அத்திமரத்திலிருந்து நீரில் விழும் பழத்தையும் விரும்பி உண்ணும். ஆகவே கரையில் நிற்கும் மரமும் அதன் வாழிடத்தின் ஒரு பகுதியே. மரம் வெட்டப்பட்டால் மீன் நேரே சாவதில்லை; நிழல் போகும், உணவு குறையும், கரை சரிந்து மண் ஆற்றில் இறங்கும்.

வெள்ளமே அழைப்பு

தென்மேற்குப் பருவமழை குடகு மலையில் பெய்யும்போது காவிரி பெருகும். தமிழ்நாட்டில் ஆடித் திங்கள் பதினெட்டாம் நாள் மக்கள் ஆற்றங்கரைக்குச் சென்று, காதோலை கருகமணியும் பூவும் இட்டுப் புதுவெள்ளத்தை வரவேற்பர். சித்திரான்னம் கட்டிக்கொண்டு போய்க் கரையில் உண்பர். ஆடிப்பெருக்கு என்னும் இவ்விழா மனிதருக்குரியது. அதே வெள்ளம் மீனுக்கும் ஓர் அழைப்பு.

மழைக்காலம் தொடங்கியதும் மகசீர்கள் மடுவை விட்டு எதிர்நீச்சலிட்டு மேலே செல்லும். பெரிய ஆற்றிலிருந்து துணையாறு, துணையாற்றிலிருந்து சிற்றாறு என ஏறிச் சென்று, தெளிந்த நீர் ஓடும் கூழாங்கல் பரப்பில் முட்டையிடும். முட்டைகள் கற்களின் இடுக்குகளில் தங்கும். கற்களுக்கிடையே நீர் தடையின்றி ஊடுருவினால்தான் முட்டைக்குள் இருக்கும் உயிருக்கு உயிர்வளி கிடைக்கும். மெல்லிய சேறு வந்து படிந்து அந்த இடுக்கை அடைத்துவிட்டால் முட்டை மூச்சுத்திணறி அழியும். ரோகு, கட்லா போன்ற மீன்களோடு ஒப்பிட்டால் மகசீர் தன் எடைக்கு இடும் முட்டைகள் குறைவு. எனவே ஓராண்டு முட்டைகள் வீணானால் ஈடுசெய்வது எளிதன்று.

வெள்ளம் வரவேண்டிய காலத்தில் வரவேண்டும். வழி அடைபடாமல் இருக்கவேண்டும். வழியின் முடிவில் சேறு படியாத கற்கள் இருக்கவேண்டும். இவை மீனின் தேவைகள். கடந்த நூற்றாண்டில் காவிரிக்கு நேர்ந்தவை இவற்றுக்கு நேர்மாறானவை.

ஆற்றுக்கு நேர்ந்தவை

சிவசமுத்திரத்தில் 1902-ஆம் ஆண்டு மின்நிலையம் அமைந்து, கோலார் தங்கச் சுரங்கத்துக்கு மின்சாரம் சென்றது. 1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிக்கப்பட்டது. கண்ணம்பாடியில் கிருட்டிணராச சாகரம், துணையாறுகளில் கபினி, பவானிசாகர், அமராவதி எனப் பல அணைகள் எழுந்தன. இவற்றால் உழவர் பிழைத்தனர். நகரங்கள் நீர் பெற்றன. அணைகளே வேண்டா என்று சொல்வது தஞ்சை உழவரின் தட்டில் இருக்கும் சோற்றை மறந்து பேசுவதாகும். ஆயினும் அணையால் மீனுக்கு என்ன ஆயிற்று என்பதையும் மறைக்கலாகாது.

அணை மீனின் வழியை அடைக்கிறது. ஒரே ஆறாக இருந்தது பல துண்டுகளாகிறது. மேலே ஏறமுடியாத மீன், முட்டையிட ஏற்ற இடத்தை அடைவதில்லை. அணைக்குப் பின்னே விரைநீரும் கூழாங்கல்லும் நீர்த்தேக்கத்துக்கு அடியில் மூழ்கிச் சேறு படிகின்றன. அணைக்கு முன்னே நீர் மழையைப் பின்பற்றி வருவதில்லை. பாசன அட்டவணையையும் மின்தேவையையும் பின்பற்றி வருகிறது. மேட்டூர் அணை வழக்கமாக சூன் 12-ஆம் நாள் பாசனத்துக்குத் திறக்கப்படும். அந்நாளை உழவர் அறிவர். மீன் நாட்காட்டி பார்ப்பதில்லை.

இதே நிலை நாட்டின் பிற ஆறுகளிலும் உண்டு. கொல்கத்தாவில் வாழ்வோர் ஹில்சா மீனை அறிவர். கடலில் வளர்ந்து கங்கையில் ஏறி முட்டையிடும் அம்மீன் ஒருகாலத்தில் அலகாபாத் வரை சென்றது. 1975-இல் ஃபராக்கா தடுப்பணை செயற்படத் தொடங்கிய பின் அதற்கு மேலே ஹில்சா பிடிபடுவது மிக அரிதாயிற்று.

மணல் அள்ளுதல் மற்றொன்று. ஆற்றுப்படுகையைத் தோண்டும்போது அடியிலுள்ள நுண்மண் கலங்கி, கீழே உள்ள கற்பரப்பில் படிகிறது. முட்டைகளுக்கு அதனால் வரும் கேடு மேலே சொல்லப்பட்டது. கரையோர நகரங்களின் கழிவுநீரும் ஆலைக்கழிவும் சேர்ந்துகொள்கின்றன.

இவற்றினும் கொடியது வெடி. கோடையில் பல மைல் தொலைவிலுள்ள மீன்கள் யாவும் ஒரு மடுவில் வந்து ஒதுங்கியிருக்கும். வெடிமருந்தைக் கொளுத்தி அம்மடுவில் எறிந்தால் முதிய மீன், சினைமீன், குஞ்சு எல்லாம் ஒரே நொடியில் மாண்டு மிதக்கும். எறிந்தவர் பெரியவற்றை மட்டும் பொறுக்கிச் செல்வர். எஞ்சியவை அங்கேயே அழுகும். மடு அடைக்கலமாக இருப்பதே அங்கு ஆபத்தாகவும் மாறுகிறது.

நல்லெண்ணம் செய்த தீங்கு

1970-களில் இந்தியாவில் மகசீர் குறைந்து வருவதைக் கண்டு பலர் கவலைகொண்டனர். மகாராட்டிரத்தின் லோனாவாலாவில் இருந்த மீன்பண்ணையில் மகசீரைச் செயற்கை முறையில் இனப்பெருக்கம் செய்யும் வழி கண்டறியப்பட்டது. அது அரிய வெற்றியே, ஐயமில்லை. அங்கே பொரித்த குஞ்சுகள் பிற மாநில ஆறுகளுக்கும் வழங்கப்பட்டன. காவிரியிலும் விடப்பட்டன. ‘மகசீர் குறைந்தது, மகசீரை விட்டோம், குறை தீர்ந்தது’ என்று எண்ணினர்.

அவ்வாறு விடப்பட்டது நீலத்துடுப்பு மகசீர். அது கிருட்டிணை ஆற்றுப்படுகைக்கு உரியது, காவிரிக்கு உரியதன்று. அன்று இவ்வேறுபாட்டைப் பெரிதாக எவரும் கருதவில்லை. இரண்டும் மகசீர்தானே என்றனர். கோதுமையும் நெல்லும் தானியம்தானே என்று நஞ்சையில் கோதுமை விதைப்பாரோ?

காவிரியில் சிவசமுத்திரத்துக்கும் மேட்டூர் நீர்த்தேக்கத்துக்கும் இடையே காட்டு வழியாக ஆறு ஓடும் பகுதி உண்டு. அங்கே கர்நாடகக் கரையில் தூண்டில் முகாம்கள் இயங்கிவந்தன. அங்கு வருவோர் பிடித்த மீனை எடை பார்த்து, குறித்துவைத்து, உயிருடன் ஆற்றிலேயே விட்டுவிடவேண்டும் என்பது விதி. காலிபோரே என்னும் முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதப்பட்ட குறிப்பேடுகளை ஆய்வாளர்கள் பின்னர் எடுத்துப் படித்தனர். பிடித்தவர்கள் பொழுதுபோக்காக எழுதிவைத்தவை அவை. ஆனால் ஆற்றின் வரலாறு அவற்றில் பதிந்திருந்தது.

குறிப்பேடுகள் காட்டியது இதுதான்: நீலத்துடுப்பு மகசீரின் எண்ணிக்கை ஆண்டுதோறும் பெருகியது. திமில் மகசீரின் எண்ணிக்கை சரிந்தது. இதனோடு வேறொன்றும் தெரிந்தது. பிடிபட்ட சில திமில் மகசீர்களின் சராசரி எடை கூடிக்கொண்டே போயிற்று. மேலோட்டமாகப் பார்த்தால் இது நல்ல செய்திபோலத் தோன்றும். மீன்கள் கொழுத்துவிட்டன என்று மகிழவும் தோன்றும். உண்மை வேறு. ஓர் ஊரில் மக்களின் சராசரி வயது ஆண்டுதோறும் ஏறுகிறது என்றால், அவ்வூரில் முதியோர் மட்டும் இருக்கின்றனர், தொட்டில்கள் இல்லை என்று பொருள். திமில் மகசீரின் குஞ்சுகள் வளர்ந்து வரவில்லை. எஞ்சியிருந்தவை முன்பே பிறந்த முதிய மீன்கள்.

புதிதாக வந்த மீன் உணவுக்கும் இடத்துக்கும் போட்டியிட்டது இதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அணையும் கழிவும் வெடியும் ஏற்கெனவே நலிவித்த ஓரினத்தின் முன் அப்போட்டி வந்து நின்றது. ஆற்றில் மகசீர் மிகுந்து துள்ளுவதைக் கண்ட கண்களுக்கு, அந்த ஆற்றுக்குரிய மகசீர் மறைவது தெரியவில்லை.

பெயரில்லாத மீன்

ஹென்றி சல்லிவன் தாமஸ் என்னும் ஆங்கில அதிகாரி சென்னை மாகாண ஆட்சிப்பணியில் இருந்தவர். இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவதைப் பற்றி அவர் எழுதிய நூல் 1873-இல் வெளிவந்தது. அன்றுமுதல் தென்னாட்டு மகசீரின் புகழ் தூண்டில்காரரிடையே பரவியிருந்தது. காவிரிக் கரையில் வாழ்ந்த மீனவர் திமில் மகசீரை அதற்கு நெடுங்காலம் முன்பே அறிந்திருந்தனர். ஆயினும் அறிவியல் ஏட்டில் அதற்கு உறுதியான பெயர் இல்லை.

பெயர் இல்லாவிட்டால் என்ன குறை? பள்ளி வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாத மாணவர் வரவில்லை என்பதை எவர் குறிப்பார்? இயற்கைப் பாதுகாப்புக்கான பன்னாட்டு ஒன்றியம் அழியும் உயிர்களைச் சிவப்புப் பட்டியலில் சேர்க்கிறது. அறிவியற்பெயர் உறுதியாகாத ஓரினத்தை அப்பட்டியலில் சேர்க்க இயலவில்லை.

விடை கேரளத்தில் கிடைத்தது. கேரளத்தில் பெரும்பாலான ஆறுகள் மேற்கே அரபிக்கடலை நோக்கி ஓடுகின்றன. கபினி, பவானி, பாம்பாறு என்னும் மூன்று மட்டும் கிழக்கே ஓடிக் காவிரியின் நீரோடு சேர்கின்றன. இவற்றுள் மறையூர்ப் பக்கம் ஓடும் பாம்பாறு தமிழ்நாட்டில் அமராவதியாகிறது. அப்பாம்பாற்றில் கிடைத்த சிறு மகசீர்களை ஆராய்ந்த கேரள ஆய்வாளர்கள், அதற்கு முன்பே ‘டோர் ரெமாதேவி’ என்று ஓர் இனத்துக்குப் பெயரிட்டிருந்தனர். இந்திய விலங்கியல் அளவாய்வு நிறுவனத்தின் சென்னைக் கிளையில் பணியாற்றிய மீனியல் அறிஞர் ரெமாதேவியைச் சிறப்பிக்கும் பெயர் அது. அவர்கள் கண்டவை இளமீன்கள். அவையே வளர்ந்து காவிரியின் பேருருவாகும் என்று அப்போது எவரும் இணைத்துப் பார்க்கவில்லை.

2018-ஆம் ஆண்டு, மோயாற்றில் கிடைத்த மீன்களின் உடலமைப்பையும் மரபணுவையும் ஆராய்ந்து, பாம்பாற்றின் சிறுமீனும் காவிரியின் திமில் மகசீரும் ஒன்றே என்று நிறுவப்பட்டது. தாமஸின் நூல் வந்து 145 ஆண்டுகள் கழிந்திருந்தன. அவ்வாண்டிலேயே அம்மீன் சிவப்புப் பட்டியலில் சேர்ந்தது. சேர்ந்த இடம், இயற்கையில் முற்றிலும் அழிந்துபோவதற்கு முந்தைய படி. பெயர் பெற்ற ஆண்டிலேயே அழிவின் விளிம்பில் இருப்பதாக அறிவிக்கப்பட்ட மீன் அது.

கோவில் மடுக்கள்

ஆற்றின் ஒரு பகுதியைக் காத்தால் மீன் பிழைக்கும் என்பதை அறிவியல் சொல்வதற்கு முன்பே நம்மவர் ஒருவகையில் அறிந்திருந்தனர். காவிரிக் கரையில், கர்நாடகத்தின் ஹாசன் மாவட்டத்து இராமநாதபுரத்தில், கோவிலை ஒட்டிய ஆற்றுப்பகுதியில் எவரும் மீன் பிடிப்பதில்லை. துங்கை ஆற்றின் கரையில் சிருங்கேரியிலும் அவ்வாறே. படித்துறையில் நின்று பொரி தூவினால் பெருமீன்கள் அஞ்சாமல் வந்து வாய்திறக்கும். அங்கே மீன் இறைவனுக்குரியது என்பதே வேலி.

அவ்வேலியும் எல்லாவற்றையும் தடுத்துவிடாது. தென்கன்னட மாவட்டத்தின் சிசிலா என்னும் ஊரில் கபிலை ஆற்றங்கரைக் கோவிலில் இவ்வாறு மகசீர்கள் காக்கப்பட்டு வந்தன. 1996-ஆம் ஆண்டு அந்த ஆற்றில் நஞ்சு கலக்கப்பட்டு ஆயிரக்கணக்கான மீன்கள் மடிந்தன. இறந்த மீன்களுக்கு ஊரார் நினைவுச்சின்னம் எழுப்பினர். மீனுக்கு நினைவுச்சின்னம் எழுப்பிய ஊர் நாட்டில் வேறு எத்தனை இருக்கும்? அதன்பின் ஊரார் காவலை இறுக்கினர். மீன்களும் மீண்டும் பெருகின.

கோவில் மடு சிறியது. மீனுக்குக் கோடை அடைக்கலமாகும்; முட்டையிடும் பயணம் முழுவதையும் அது காக்க இயலாது.

காட்டின் சட்டமும் ஆற்றின் நிலையும்

சிவசமுத்திரத்துக்குக் கீழே காவிரி ஓடும் காட்டுப்பகுதியின் பெரும்பங்கு கர்நாடகத்தின் காவிரி வனவிலங்குச் சரணாலயம். எதிரே தமிழ்நாட்டில் கிருட்டிணகிரி, தருமபுரி மாவட்டங்களில் 2022-ஆம் ஆண்டு காவிரித் தெற்கு வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. யானைக்காகவும் பிற காட்டு விலங்குகளுக்காகவும் அமைந்த இவை மீனுக்கும் பயன்படுகின்றன: கரையோர மரங்கள் நிற்கின்றன, ஆலைகள் எழுவதில்லை.

எனினும் ஒரு சிக்கல் நேர்ந்தது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் தூண்டில் போடுவதும் வேட்டையே என்று கருதப்பட்டு, 2012-இல் தூண்டில் முகாம்கள் நிறுத்தப்பட்டன. பொழுதுபோக்குக்காக மீனின் வாயில் முள்ளை மாட்டுவது அறமாகுமா என்னும் கேள்வி நியாயமானதே. ஆனால் அம்முகாம்களில் வழிகாட்டிகளாகவும் காவலராகவும் பணியாற்றியோர் சுற்றுவட்டார மக்கள். அவர்களுள் சிலர் முன்பு திருட்டுத்தனமாக மீன் பிடித்தவர்கள். முகாம் மூடியதும் அவர்கள் வேலை இழந்தனர். இரவில் ஆற்றங்கரையில் கண் விழித்திருக்க ஆள் இல்லை. வெடி வைப்போர் துணிந்தனர் என்று ஆய்வாளர் எழுதினர். சட்டம் தன் கடமையைச் செய்தது. மடு காவலை இழந்தது. எது சரி என்பதில் அறிஞரிடையே இன்றும் ஒத்த கருத்து இல்லை. கரையில் வாழ்வோருக்கு மீன் உயிரோடு இருப்பதால் ஏதேனும் பயன் இருந்தால்தான் காவல் நிலைக்கும் என்பதையாவது இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

மேகேதாட்டு, அதாவது ஆடுதாண்டும் காவிரி என்று தமிழில் வழங்கும் இடத்தில் அணை கட்டும் திட்டம் நெடுநாளாகப் பேசப்படுகிறது. கட்டினால் காட்டின் ஒரு பகுதி நீரில் மூழ்கும். இரு மாநிலங்களும் அங்கே நீரின் அளவைப் பற்றியே வழக்காடுகின்றன. அவ்விடத்து விரைநீரும் மடுவும் மூழ்குமே என்று கேட்போர் குறைவு.

மோயாறு

திமில் மகசீர் எஞ்சியிருப்பதாக உறுதியாக அறியப்பட்ட சில இடங்களுள் மோயாறு தலையாயது. மாயாறு என்றும் அதனைச் சொல்வர். நீலகிரியின் மேற்புறத்தில் பைக்காரா ஆற்றுநீரைப் பெற்று, முதுமலைக்கும் பந்திப்பூருக்கும் நடுவே எல்லைக்கோடுபோல ஓடி, பெரும்பள்ளத்தாக்கு ஒன்றில் இறங்கிச் சத்தியமங்கலம் காட்டைக் கடந்து பவானிசாகர் நீர்த்தேக்கத்தில் கலக்கிறது. இருபுறமும் புலிகள் காப்பகம். மனிதர் எளிதில் நுழைய முடியாத அப்பள்ளத்தாக்கே மீனைக் காத்திருக்கிறது எனலாம்.

ஆனால் அந்த மீன்களுக்குக் கீழே பவானிசாகர் அணை. காவிரிக்குச் செல்ல வழியில்லை. மேலே மின்நிலையங்கள், பைக்காரா மின்நிலையம் 1932 முதல் இயங்குகிறது. மோயாற்றில் எப்போது எவ்வளவு நீர் ஓடும் என்பதை மழை மட்டும் முடிவு செய்வதில்லை. நீலகிரியில் விசையைத் திருப்பும் கையும் முடிவு செய்கிறது. காட்டைச் சுற்றி எல்லை வகுத்துக் காவல் போடலாம். ஆற்றுக்குள் வரும் நீர் அந்த எல்லைக்கு வெளியிலிருந்து வருகிறது. புலிக்குப் போதுமான காப்பகம் மீனுக்குப் போதாமற் போவது இதனால்தான்.

மோயாற்றைத் திமில் மகசீரின் வாழிடமாகக் காப்பது என்றால், நீலத்துடுப்பு மகசீரோ வேறு வெளியூர் மீனோ அதில் விடப்படக் கூடாது. கோடையில் மடுக்கள் வற்றாத அளவுக்கும், மழைக்காலத்தில் வெள்ளம் வெள்ளமாகவே இறங்கும் வகையிலும் மேலிருந்து நீர் விடப்படவேண்டும். முட்டையிடும் ஓடைகள் எவை என்று கண்டறிந்து, அவற்றில் மணலோ கல்லோ எடுக்காமல் தடுக்கவேண்டும். மடுக்களுக்கு இரவுக்காவல் வேண்டும். அக்காவலில் அக்காட்டை நன்கறிந்த பழங்குடி மக்களுக்கு இடமும் ஊதியமும் வேண்டும். பண்ணையில் திமில் மகசீரையே இனப்பெருக்கம் செய்து ஆற்றில் விடலாம் என்னும் கருத்தும் உண்டு. அதற்குத் தாய்மீன்கள் வேண்டும். அவற்றைப் பிடிக்கவேண்டிய இடமும் அதே மோயாற்று மடுக்கள்தாம். பிடிப்பதில் பிழை நேர்ந்தால் எஞ்சிய சிலவும் குறையும் என்று தயங்குவோரும் உளர்.

பங்குனி, சித்திரையில் மோயாறு மெலிந்து பாறைகள் வெளியே தெரியும். யானைக்கூட்டங்கள் நீருக்கு இறங்கிவரும். பாறைகளுக்கு நடுவே கரும்பச்சை நிறத்தில் மடுக்கள் மட்டும் அசையாமல் கிடக்கும். எஞ்சியுள்ள திமில் மகசீர்கள் அந்நாள்களில் அவற்றின் அடியில் இருக்கும், தென்மேற்கே முதல் மழை விழும் வரை.